மீதி ஆறு இன்னிங்ஸ்

விளையாட்டைப் பற்றி நான் கட்டுரை எழுதுவேன் என்று என் வாசகர்கள் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கே அந்த எண்ணம் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் டிரில் வகுப்பு வந்தால் எனக்கு வயிற்றுவலியும் கூடவே வந்துவிடும். கிரிக்கெட்டில் ரேடியோ வர்ணனை காதில் விழுந்த அளவுக்கு ஞானம் உண்டு. அமெரிக்கர்கள் உயிரை விடுகிறார்களே பேஸ்பால், அதைப் பற்றிக் கேட்டிருந்தால், "தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடுவார்கள்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லத் தெரிந்திருக்காது.

சென்ற கோடையில் அண்ணன் மகன் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று கான்ஸாஸ் சிட்டிக்குப் போனேன். மிஸ்ஸூரி நதிக்கரையில் உள்ள பெரிய ஊர். அவனுடைய பிள்ளைக்குப் பத்து வயது. தமிழைத் தட்டுத் தடுமாறித்தான் பேசுவான். ஆனால் பேஸ்பாலைப் பற்றி ஆரம்பித்துவிட்டால் அந்தத் தடுமாற்றமெல்லாம் எங்கேயோ போய்விடும். நான் போன மூன்றாம் நாளே என்னைச் சீடனாக ஏற்றுக்கொண்டுவிட்டான்.

"கிரிக்கெட் மாதிரி பந்து தரையிலே குத்தி வராது, தாத்தா. காற்றிலேயே வரும். அறுபது அடி தள்ளி ஒரு மேட்டில் நின்று எறிவார். அவர்தான் பிட்சர். மூன்று நல்ல பந்தை விட்டால் அடிக்கிறவர் அவுட். மூன்று பேர் அவுட்டானால் மற்றக் கட்சி அடிக்க வரும். இரண்டு கட்சியும் ஒரு தடவை அடித்து முடித்தால் ஒரு இன்னிங்ஸ். மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ்."

"இதில் யார் முக்கியம்?"

"பிட்சர்தான். அவர் கையில்தான் ஆட்டமே இருக்கு."

ஒரு சனிக்கிழமை அவன் என்னைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போன இடம், பதினெட்டாம் தெருவும் வைன் தெருவும் சந்திக்கும் மூலையில் இருக்கிற நீக்ரோ லீக்ஸ் பேஸ்பால் மியூசியம். வாசலைத் தாண்டியதும் ஒரு கம்பி வலை; கோழிக்கூண்டுக்குப் போடுவார்களே, அந்த வலை. அதற்கு அப்பால் ஒரு சின்ன மைதானம். அதில் ஆளுயர வெண்கலச் சிலைகள், அவரவர் இடத்தில், ஆட்டத்தின் நடுவில் உறைந்து போனவர்களைப் போல நிற்கின்றன. நாம் நேரே உள்ளே போக முடியாது. வலைக்கு வெளியிலேயே சுற்றிச் சுற்றி நடந்து, சுவரில் எழுதியிருக்கும் சரித்திரத்தையெல்லாம் படித்து முடித்த பிறகு, கடைசியில்தான் மைதானத்துக்குள் விடுகிறார்கள். வலைக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று பார்க்க வந்தவன் கொஞ்சம் அனுபவிக்கட்டும் என்ற ஏற்பாடு.

அந்தச் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1884ல் மோஸஸ் வாக்கர் என்ற கறுப்பர் பெரிய லீக் ஒன்றில் டொலிடோ கட்சிக்காக ஆடினார். அதற்குப் பிறகு 1947 வரை, அறுபது வருஷத்துக்கு மேல், பெரிய லீக்குகளில் கறுப்பருக்கு இடமில்லை. 'கறுப்பரைச் சேர்க்கக் கூடாது' என்று பெரிய லீக்கின் சட்டப் புத்தகத்தில் எழுதிவைக்கவில்லை. முதலாளிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கனவான்கள் ஒப்பந்தம். எழுதாத சட்டத்தை மீறிவிட்டதாக யாரிடம் போய் வழக்குத் தொடுப்பது?

கதவு திறக்காத வீட்டு வாசலில் எத்தனை நாள் நிற்பது என்று கறுப்பர்கள் தனி வீடு கட்டிக்கொண்டார்கள். 1920ல் ரூப் ஃபாஸ்டர் என்ற பழைய பிட்சர் முன்னின்று நீக்ரோ நேஷனல் லீக் என்ற அமைப்பை உண்டாக்கினார். அதற்கான கூட்டம் நடந்த வாலிபர் சங்கக் கட்டிடம் இந்த மியூசியத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கிறது. அந்த வருஷமே பிறந்தது கான்ஸாஸ் சிட்டி மானர்க்ஸ் என்ற கட்சி. அதன் முதலாளி வில்கின்ஸன் வெள்ளைக்காரர். நியாயஸ்தர் என்று பெயர் வாங்கியவர். பெரிய லீக்கில் ராத்திரி ஆட்டம் 1935ல்தான் வந்தது. இவர் 1930லேயே லாரிகளில் விளக்குக் கம்பங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் இரவில் ஆட்டம் நடத்தினார்.

மானர்க்ஸ் ஊரில் ஆடும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில்களில் பிரார்த்தனையை ஒரு மணி நேரம் முன்னதாகவே முடித்துவிடுவார்களாம். ஜனங்கள் கோயிலுக்குப் போட்டுக்கொண்ட நல்ல உடுப்போடு நேரே மைதானத்துக்குப் போவார்கள். வெளியூரில் அந்த வீரர்களின் பாடு வேறு. ஹோட்டல்காரன் அறை கொடுக்க மாட்டான்; சாப்பாட்டுக் கடைக்காரன் உள்ளே விட மாட்டான். பஸ்ஸிலேயே தூங்கி, பொட்டலத்தில் வாங்கியதைத் தின்று, மறுநாள் மைதானத்தில் போய் நிற்க வேண்டும்.

இவ்வளவும் படித்துவிட்டு உள்ளே போனோம். நடுமேட்டில் நிற்கிற சிலையை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான் பிள்ளை. "இவர்தான் ஸாட்செல் பெய்ஜ், தாத்தா!"

பெய்ஜின் பெயர் பேஸ்பால் தெரியாத எனக்குக்கூடக் கொஞ்சம் தெரிந்திருந்தது. 1906ல் அலபாமாவில் மொபீல் நகரில் பிறந்தவர். பனைமரம் போன்ற உயரம், நீண்ட கை. எறிந்தால் பந்து கண்ணுக்குத் தெரியாது. வெறும் எறிகாரர் மட்டுமா? நடை, பேச்சு, கேலி எல்லாவற்றிலும் பெரிய நடிகர். தம் கட்சி ஆட்களையெல்லாம் உட்காரச் சொல்லிவிட்டு அடிக்க வந்தவர்களைத் தனியாளாக அவுட்டாக்கினார் என்று கதை சொல்வார்கள். அவர் வருகிறார் என்று சுவரொட்டி ஒட்டினால் ஊரே திரளும்.

நான் மற்றச் சிலைகளின் பெயரைப் படித்துக்கொண்டு வந்தேன். மைதானத்தில் மேடு ஒன்றுதான். அதில் ஒருவர்தான் நிற்கலாம். லியன் டே என்ற மகத்தான பிட்சருக்கே வலக்கோடியில், ஓடிப் பந்து பிடிக்கிறவரின் இடத்தைத்தான் கொடுத்திருக்கிறார்கள். அப்போது எங்களுக்குப் பக்கத்தில் தொப்பி வைத்த ஒரு கறுப்புக் கிழவர், கைத்தடியை ஊன்றிக்கொண்டு பெய்ஜின் சிலையையே பார்த்தபடி நின்றார். எண்பத்தைந்து வயதுக்குக் குறையாது. பிள்ளை சிலையைக் கட்டிக்கொண்டதைப் பார்த்துச் சிரித்தார்.

"ஸாட்செல் மூன்று இன்னிங்ஸ் எறிவார், தம்பி. மீதி ஆறு இன்னிங்ஸ் யார் எறிவார், தெரியுமா?" என்றார்.

பிள்ளை விழித்தான். எனக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்த குருவுக்கே அது தெரியவில்லை.

"ஹில்டன் ஸ்மித். இந்த ஊரில்தான் இருந்தார்."

கிழவர் அன்று சொன்னதும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததுமாகச் சேர்த்துச் சொல்கிறேன்.

ஹில்டன் ஸ்மித் 1907ல் டெக்ஸாஸில் கிட்டிங்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். தகப்பனார் பள்ளி ஆசிரியர். பையன் முதலில் ஆடியது தகப்பனாரோடு, ஊர்க் கட்சியில். பிரெய்ரி வியூ கல்லூரியில் கொஞ்ச காலம் படித்தார். தெற்கே சில கட்சிகளில் எறிந்துவிட்டு, வடக்கே டகோட்டாவில் பிஸ்மார்க் என்ற ஊர்க் கட்சிக்குப் போனார். அது ஒரு அதிசயக் கட்சி. 1935ல், நாடு முழுவதும் வேலி போட்டிருந்த காலத்தில், அங்கே வெள்ளையரும் கறுப்பரும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு ஆடினார்கள். அந்தக் கட்சியில்தான் பெய்ஜும் இருந்தார். பிறகு ஸ்மித் மானர்க்ஸில் சேர்ந்தார். 1948ல் ஆட்டத்தை விடும் வரையில் அங்கேயேதான்.

அவருடைய ஆயுதம் வளைவுப் பந்து. பந்தின் தையல் மேல் இரண்டு விரலைப் பதித்து, விடுகிற நொடியில் மணிக்கட்டைச் சொடுக்கினால் பந்து முன்பக்கமாகச் சுழன்றுகொண்டு போகும். அந்தச் சுழற்சியில் காற்று பந்தைக் கீழே அழுத்தும். நெஞ்சுக்கு நேரே வருகிறதே என்று ஆள் தடியை வீசுவான். பந்து முழங்காலுக்குச் சரிந்திருக்கும். ஸ்மித் அதைத் தலைக்கு மேலிருந்தும் எறிவார், பக்கவாட்டிலிருந்தும் எறிவார். 1937ல் சிகாகோ அமெரிக்கன் ஜயன்ட்ஸ் கட்சியோடு ஆடிய ஓர் ஆட்டத்தில் எதிராளிகளில் ஒருவரையும் ஓர் அடிகூட உருப்படியாக அடிக்க விடவில்லை. அந்த வருஷம் தொடங்கி 1942 வரை, ஆறு வருஷம் தொடர்ச்சியாக, நாட்டின் பொறுக்கியெடுத்த வீரர்கள் ஆடும் கிழக்கு-மேற்குப் பந்தயத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். எறிவதோடு நிற்காமல் அடிப்பதிலும் கெட்டிக்காரர்.

ஆனால் மனிதர் வாய் பேசாதவர். வந்தார், எறிந்தார், சட்டையை மாற்றிக்கொண்டு போனார் என்கிற ரகம்.

1938ல் பெய்ஜுக்குக் கை செத்துப் போயிற்று. தோளைத் தூக்க முடியவில்லை. இனி இவர் அவ்வளவுதான் என்று எல்லோரும் கைவிட்டபோது வில்கின்ஸன்தான் அவரைச் சேர்த்துக்கொண்டு, இரண்டாம் தரக் கட்சி ஒன்றோடு ஊர் ஊராக அனுப்பினார். கை திரும்பி வந்தது. பெய்ஜ் பெரிய கட்சிக்கே வந்து சேர்ந்தார். கூடவே கூட்டமும் வந்தது.

அப்புறம் நடந்த ஏற்பாடுதான் இது. கூட்டம் பெய்ஜைப் பார்க்க வருகிறது. கிட்டத்தட்ட தினம் ஓர் ஊர். தினமும் ஒன்பது இன்னிங்ஸ் எறிந்தால் எந்தக் கை தாங்கும்? ஆகையால் பெய்ஜ் முதல் மூன்று இன்னிங்ஸ் எறிவார். கொடுத்த காசுக்கு ஜனங்கள் அவரைக் கண்ணாரப் பார்த்துவிடுவார்கள். நாலாவது இன்னிங்ஸில் அவர் கை தட்டலோடு இறங்கிப் போக, ஸ்மித் மேட்டில் ஏறி மீதி ஆறையும் எறிந்து ஆட்டத்தை முடிப்பார். சுவரொட்டியில் பெய்ஜின் பெயர். மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் பெய்ஜின் பெயர். நீலாம்பரியில் இரண்டு கீர்த்தனம் பாடிவிட்டு வித்வான் எழுந்து போக, பின்பாட்டுக்காரர் பல்லவி பாடி மங்களமும் பாடி முடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் எல்லோரும் வித்வானுடைய பல்லவி பிரமாதம் என்கிறார்கள்!

ஸ்மித்துக்கு ஒரு பட்டப் பெயரே ஏற்பட்டது: 'ஸாட்செலின் மாற்றாள்.'

அவருடைய சகாவும் பிற்பாடு மானர்க்ஸின் நிர்வாகியாகவும் இருந்த பக் ஓநீல், நாற்பதுகளின் முதல் பாதியில் ஸ்மித்துக்கு மேலான பிட்சர் உலகத்திலேயே இருந்தாரா என்பது சந்தேகம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பெய்ஜை நேரில் பார்த்து, அவரோடேயே ஆடிய மனிதர் சொன்ன வார்த்தை அது.

பெய்ஜின் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கூட்டம் வந்ததால்தான் மானர்க்ஸில் அத்தனை பேருக்கும் சம்பளம் ஒழுங்காகக் கிடைத்தது, ஸ்மித்துக்கும் சேர்த்து. அது ஸ்மித்துக்கும் தெரியும். ஆனாலும் பின்னாளில் தம்மைத் தேடி வந்து கேட்டவர்களிடம், அது மனத்தில் உறுத்தியது என்பதை அவர் மறைக்கவில்லை. வாயில்லாதவர்களுக்கு மனமும் இல்லை என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

பாருங்கள், இந்த மனிதருக்கு முன்னால் இரண்டு சுவர்கள். வெள்ளையர் எழுப்பிய சுவர் லீக் முழுவதையும் மறைத்தது. அந்தச் சுவருக்குள்ளே, தம் ஜனங்களின் அன்பே இன்னொரு சுவராகி இவரை மட்டும் மறைத்தது. முதல் சுவர் துவேஷத்தால் கட்டியது, என்றைக்காவது இடிக்கலாம். அன்பினால் கட்டிய சுவரை எதைக்கொண்டு இடிப்பது?

முதல் சுவர் இடிந்த கதை எல்லோருக்கும் தெரிந்தது. 1945ல் ஜாக்கி ராபின்ஸன் மானர்க்ஸில் ஆடினார். அவருக்காக முதலாளியிடம் தாமும் சிபாரிசு சொன்னதாக ஸ்மித் சொல்லியிருக்கிறார். அந்த வருஷமே புரூக்ளின் கட்சி ராபின்ஸனை அழைத்துக்கொண்டது. மானர்க்ஸுக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. 1947 ஏப்ரல் 15ந் தேதி ராபின்ஸன் பெரிய லீக் மைதானத்தில் இறங்கினார். ஸ்மித்துக்கு அப்போது வயது நாற்பது. அடுத்த வருஷம், 1948ல், நாற்பத்திரண்டு வயதுப் பெய்ஜைக் கிளீவ்லண்ட் கட்சி எடுத்துக்கொண்டது. இந்த வயதிலும் அவருக்காகக் கூட்டம் வரும் அல்லவா? அதே 1948ல்தான் ஸ்மித் பந்தைக் கீழே வைத்தார்.

அதற்குப் பிறகு இதே ஊரில் ஓர் உருக்காலையில் வேலை பார்த்தார். கடைசிக் காலத்தில் சிகாகோ கப்ஸ் கட்சிக்கு இளைஞர்களைப் பொறுக்கிக் கொடுத்தார். 1971ல் பேஸ்பாலின் கீர்த்தி மண்டபத்தில் பெய்ஜின் பெயரைப் பதித்தார்கள். ஸ்மித் 1983ல் காலமானார். அவருடைய பெயரை அங்கே பதித்தது 2001ல். பதினெட்டு வருஷம் கழித்து. 2020ல், நீக்ரோ லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று பேஸ்பால் தலைமை ஒப்புக்கொண்டது. 2024ல் அந்தப் பழைய கணக்குகளையும் பொதுக் கணக்கில் சேர்த்தார்கள். சேர்த்தது லீக் ஆட்டங்களின் கணக்கைத்தான். சிற்றூர் மைதானங்களில் லாரி விளக்கு வெளிச்சத்தில் எறிந்ததெல்லாம் எந்தக் கணக்கிலும் இல்லை.

கிழவர் கடைசியாக ஒன்று சொன்னார். அதுதான் என்னை இதை எழுத வைத்தது.

"என் தகப்பனார் இங்கே மாட்டிறைச்சிக் கிடங்கில் வேலை பார்த்தவர். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஆட்டத்துக்கு அழைத்துப் போனார். சாகும் வரை, 'அன்றைக்கு ஸாட்செல் ஜெயித்ததை நாம் பார்த்தோமே' என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் என் பிள்ளைகளுக்கு அதையே சொன்னேன். வயதான பிறகுதான் இந்த ஏற்பாட்டைப் பற்றிப் படித்தேன். படித்ததும் பகீரென்றது. அன்றைக்கும் ஆறு இன்னிங்ஸ் ஸ்மித் என் கண்ணுக்கு முன்னாலேதானே எறிந்திருப்பார்? முழுக்கப் பார்த்தேனே! எவ்வளவு நினைத்துப் பார்த்தாலும் அவர் முகம் வரவில்லை. ஸாட்செல் முகம்தான் வருகிறது."

அவர் போய்விட்டார். பிள்ளை போட்டோ எடுக்கச் சொன்னான். நான் ஒரு பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டேன்.

நாற்பது வருஷத்துக்கு முன்பு ஒரு வாரப் பத்திரிகையில் நான் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் போனபோது டைபாய்டில் விழுந்தேன். இரண்டு மாதம் எழுந்திருக்கவில்லை. ஆனால் கதை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அங்கே துணை ஆசிரியராக இருந்தவர், நான் காய்ச்சலோடு சொன்ன நாலு வாக்கியக் குறிப்பை வைத்துக்கொண்டு ஏழு அத்தியாயம் எழுதினார். என் நடையில், என் பெயரில். அந்தக் கதையில் இன்றைக்கும் வாசகர்கள் என்னிடம் உருகி உருகிச் சொல்வது, கிணற்றடியில் தாயும் மகளும் பேசிக்கொள்ளும் அத்தியாயத்தைத்தான். அது என்னுடையதல்ல.

நான் தேறிய பிறகு அவரிடம், "பெயரைப் போட்டுவிடலாமே" என்றேன். "கதை உங்களுடையது சார். நான் பேனாதானே பிடித்தேன்?" என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று தெரிந்துதான் நான் கேட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. புத்தகமாக வந்தபோது முன்னுரையில் டாக்டருக்குக்கூட நன்றி சொல்லியிருந்தேன். அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர் காலமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

பெய்ஜ் ஒருவரையும் ஏமாற்றவில்லை. நாலாவது இன்னிங்ஸில் ஸ்மித் மேட்டில் ஏறியதை மைதானமே பார்த்தது. நான் அப்படிக்கூடச் செய்யவில்லை. ஆள் மாறியதே யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும் அவருடைய மகளைத் தேடிப் போய் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் ஆச்சரியப்படவில்லை. "அப்பா எங்களிடம் சொல்லியிருக்கிறார், மாமா. வெளியே சொல்ல வேண்டாம் என்றார்" என்றாள். அலமாரியிலிருந்து அந்தப் பழைய பத்திரிகைகளை எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள். ஏழு இதழ்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்.

புதுப் பதிப்புக்கு வேறு முன்னுரை எழுதி அனுப்பிவிட்டேன். அதில் அவர் பெயர் இருக்கிறது. எந்தெந்த அத்தியாயம் என்றும் இருக்கிறது. இதனால் அவருக்கு என்ன லாபம் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. 2001ல் ஸ்மித்துக்கு என்ன லாபமோ அதுதான்.

பிள்ளை போன வாரம் போட்டோவை அனுப்பியிருந்தான். பெய்ஜின் சிலையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். அடியில் தமிழில் எழுதியிருந்தான், எழுத்துப் பிழையோடு: 'மூன்று இன்னிங்ஸ் மட்டும்.'